காலி செய்தும் மூடாத விமான நிலையம்

2006 செப்டம்பர் 28ஆம் தேதி பாங்காக் நகரம் தன் விமான நிலையத்தை இடம் மாற்றிக்கொண்டது. வடக்கே இருந்த டான் முவாங்கை விட்டுவிட்டு, கிழக்கே சதுப்பு நிலத்தில் புதிதாக எழுப்பியிருந்த சுவர்ணபூமிக்கு எல்லா விமான நிறுவனங்களும் போயின. பெட்டியில் ஒட்டும் பட்டையில் பாங்காக்கைக் குறிக்கும் ‘பிகேகே’ என்ற மூன்றெழுத்தும் கூடவே போனது. பழைய நிலையத்துக்கு ‘டிஎம்கே’ என்ற குறியீடு கிடைத்தது. (நம்மூர்ப் பயணிகள் இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பதில்லை.) பழைய நிலையத்தின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆறே மாதத்தில் உள்நாட்டு விமானங்கள் அங்கே திரும்பின. ஆறு ஆண்டுகளில் வெளிநாட்டு விமானங்களும் திரும்பின. 2018, 2019 ஆண்டுகளில் டான் முவாங்கைப் பயன்படுத்தியவர்கள் ஆண்டுக்கு 4 கோடிக்கு மேல். நாட்டின் ஒரே பெரிய வாசலாக இருந்த கடைசி ஆண்டுகளில் அது கண்ட கூட்டத்துக்கு இது குறைந்ததல்ல.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் மலிவுக் கட்டண விமானங்கள். ஏர் ஏசியா, நோக் ஏர், லயன் ஏர் போன்றவை பழைய கட்டடத்தைக் குறைந்த செலவில் பிடித்துக்கொண்டன, நிலையம் பிழைத்தது என்பார்கள். பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. அந்த நிறுவனங்கள் வந்தபோது அங்கே பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று உயிரோடு இருந்ததே, அது எப்படி என்பதற்கு இந்த விளக்கத்தில் பதில் இல்லை. பயணிகள் போன பிறகு பெரும்பாலான நகரங்களில் பழைய ஓடுபாதையில் புல் முளைக்கும், அல்லது அடுக்குமாடி முளைக்கும். டான் முவாங்கில் இரண்டும் நடக்கவில்லை. காரணம், அது ஒருநாளும் பயணிகளுக்கு மட்டுமான விமான நிலையமாக இருந்ததில்லை. அது விமானப்படையின் வீடு, பயணிகள் விமானங்கள் அங்கே குடியிருந்தவை. குடியிருந்தவர் காலி செய்தால் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவதில்லை. டான் முவாங்கின் நூறாண்டு வரலாற்றை இந்தக் கோணத்தில் படித்தால்தான் அதன் இரண்டாம் பிறப்பு புரியும் என்பது என் கட்சி.

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், முதல் விமானம் பறந்தது 1911 ஜனவரியில். சார்லஸ் வான் டென் போர்ன் என்ற பெல்ஜிய விமானி நகருக்குள் இருந்த சா பதும் குதிரைப் பந்தயத் திடலில் ஃபார்மன் விமானமொன்றைப் பறக்கவிட்டுக் காட்டினார். அதைத் தொடர்ந்து மூன்று ராணுவ அதிகாரிகளை விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள பிரான்சுக்கு அனுப்பியது அரசு. பின்னணியில் இருந்தவர் இளவரசர் சக்ரபோங்ஸ். அதிகாரிகள் 1913இல் திரும்பியபோது பிரெகே, நியூபோர் வகை விமானங்களும் வந்து சேர்ந்தன. பந்தயத் திடல் அவற்றுக்குப் போதவில்லை. தாழ்வான நிலம், மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். வடக்கே மேடான நிலத்தைத் தேடிப் போய்க் கண்டெடுத்த இடம்தான் டான் முவாங். அயுத்தயா செல்லும் ரயில் பாதையும் பக்கத்திலேயே ஓடியது. 1914 மார்ச்சில் விமானங்கள் அங்கே இறங்கின, ராணுவத்தின் பறக்கும் பிரிவும் அங்கேயே குடியேறியது. உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய விமான நிலையங்களில் ஒன்றாக டான் முவாங்கைச் சொல்வது இந்தக் கணக்கில்தான். 1914இல் ஏறி உட்காரப் பயணிகள் யாரும் அங்கே இல்லை.

பயணிகள் விமானம் என்ற விருந்தாளி பத்தாண்டு கழித்து வந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, வழி தேடிப் புறப்பட்ட கேஎல்எம் நிறுவனத்தின் ஃபாக்கர் விமானம் 1924இல் இங்கே இறங்கியது. ஐரோப்பாவுக்கும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் இடையே பாங்காக் இயல்பான தங்கல். போகப்போக வருகை கூடியது. ஆனாலும் வீடு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. 1933 அக்டோபரில் இளவரசர் போவோரதேஜ் தலைமையில் கிளர்ந்த படைகள் தலைநகரை நோக்கி வந்தபோது கைப்பற்றியது டான் முவாங்கை. 1941 டிசம்பருக்குப் பின் ஜப்பானியர் அதைப் பயன்படுத்தினார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப்படை வந்து, போர் விமானங்களையும் வானில் எரிபொருள் நிரப்பும் பெரிய விமானங்களையும் அங்கே நிறுத்தியது. சுற்றுலாப் பயணிகள் தாய்லாந்தைக் கண்டுபிடித்த காலமும் அதுதான். ஒரே ஓடுபாதையில் ஒருபுறம் போருக்குப் போகும் விமானமும் மறுபுறம் கடற்கரைக்குப் போகும் பயணிகளும். பயணிகள் பகுதியின் நிர்வாகமே 1979 வரை விமானப்படையின் கையில் இருந்தது. அந்த ஆண்டில்தான் அதற்கெனத் தனி அரசு நிறுவனம் அமைந்தது, 2002இல் அது ஏஓடி என்ற பொது நிறுவனமாக மாறியது. நிர்வாகம் கைமாறிய பின்னும் வீட்டுக்காரரின் பிடி தளரவில்லை. 1991 பிப்ரவரி 23 அன்று பிரதமர் சாட்சாய் சூன்ஹாவான் மன்னரைச் சந்திக்கச் சியாங் மாய் செல்ல டான் முவாங்கில் விமானப்படை விமானத்தில் ஏறி அமர்ந்தார். அது புறப்படவேயில்லை. அவரைக் கைது செய்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது அந்த விமானத்துக்குள்ளேயேதான்.

இந்தக் கூட்டுக்குடித்தனத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஓடுபாதைகளைப் பார்க்க வேண்டும். ஒன்று 3,700 மீட்டர், மற்றது 3,500 மீட்டர், இரண்டும் இணையாக ஓடுகின்றன. மேற்கே பயணிகள் முனையங்கள், கிழக்கே விமானப்படை. இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவில், வேறெந்தப் பெரிய விமான நிலையத்திலும் இணைப்புப் பாதைகளும் புல்வெளியும் மட்டுமே இருக்கும் இடத்தில், 18 குழிகள் கொண்ட ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பெயர் கந்தரத், சொந்தக்காரர் விமானப்படை. மைதானத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே சுவரோ வேலியோ கிடையாது. ஆட வருபவர்கள் ஓடுபாதையைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். விமானம் இறங்கும்போது சிவப்பு விளக்கு எரியும், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள், ஏர்பஸ் ஒன்று பக்கத்தில் தரைதட்டி ஓடும், பிறகு ஆட்டம் தொடரும். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இது வேடிக்கைச் செய்தி. வரலாறு எழுதுபவனுக்கோ நிலத்தின் பட்டா யார் பெயரில் என்பதற்கான சாட்சி.

புதிய நிலையம் வேண்டும் என்ற பேச்சு பிறந்ததற்கும் இந்தக் கூட்டுக்குடித்தனமே ஒரு காரணம். தானோம் கிட்டிகாசோர்னின் ராணுவ ஆட்சியில், 1973இல், நகருக்குக் கிழக்கே நாகப்பாம்புச் சதுப்பு என்று அழைக்கப்பட்ட பகுதியில் சுமார் 8,000 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மாணவர் எழுச்சி அந்த ஆட்சியை வீழ்த்தியது, திட்டம் கிடப்பில் விழுந்தது. பிறகு வந்த ஒவ்வோர் அரசும் அதைத் தூசி தட்டியது, மறுபடி கிடப்பில் போட்டது. 1996இல் கட்டுமானத்துக்கென நிறுவனம் அமைத்து, 1997 நிதி நெருக்கடியைத் தாண்டி, பிரதமர் தக்சின் ஆட்சியில் வேகமெடுத்து முடிந்தது வேலை. நிலம் வாங்கியதிலிருந்து திறப்பு விழா வரை 33 ஆண்டுகள். அந்த 33 ஆண்டுகளிலும் பெருகிய கூட்டத்தைச் சுமந்தது டான் முவாங். முனையத்துக்குப் பக்கத்தில் முனையம், உள்நாட்டுக்குத் தனிக் கட்டடம், வாசலில் விபாவதி ரங்சித் நெடுஞ்சாலை, அதன் மேல் சுங்க மேம்பாலச் சாலை என்று கட்டிக்கொண்டே போனார்கள். நாளை மூடப்போகும் நிலையம் என்று சொல்லிக்கொண்டே அதில் கொட்டிய கான்கிரீட் கொஞ்சமல்ல.

சுவர்ணபூமி திறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, 2006 செப்டம்பர் 19 அன்று, தக்சின் அரசை ராணுவம் கவிழ்த்தது. அடுத்த ஜனவரியில் புதிய நிலையத்தின் விமான இணைப்புப் பாதைகளில் விரிசல்கள் என்ற செய்தி. ராணுவம் அமர்த்திய சுராயுத் அரசு, பழுது பார்க்க அவகாசம் வேண்டும் என்று சொல்லி, உள்நாட்டு விமானங்கள் டான் முவாங்குக்குத் திரும்ப அனுமதித்தது. 2007 மார்ச் 25 அன்று அவை திரும்பின. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: இதெல்லாம் அரசியல், தக்சினின் பெருமைத் திட்டத்தைச் சிறுமைப்படுத்தவே விரிசல்கள் பெரிதாக்கப்பட்டன, இல்லாவிட்டால் டான் முவாங் திரும்பியே இருக்காது. இருக்கலாம். அரசியல் இல்லாத விமான நிலையம் தாய்லாந்தில் இருந்ததில்லை. ஆனால் உள்நோக்கம் ஒரு முடிவை ஏன் எடுத்தார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, அதை எப்படி நிறைவேற்ற முடிந்தது என்பதைச் சொல்லாது. உண்மையாகவே மூடிய ஒரு நிலையத்தை எந்த ஆத்திரக்கார அரசாலும் சில வாரங்களில் திறக்க முடியாது. ஓடுபாதை விளக்குகள் எரிய வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் வேண்டும், தீயணைப்பு வண்டிகள் தயாராக நிற்க வேண்டும். டான் முவாங்கில் விமானப்படை ஒருநாளும் பறப்பதை நிறுத்தவில்லை, தாய் ஏர்வேஸின் பராமரிப்புக் கொட்டகைகளும் அங்கேயே இருந்தன. ஆகவே திறக்க வேண்டியிருந்தது பயணிகள் வாசல் ஒன்றைத்தான்.

திரும்பியதாலேயே அது நிலைத்துவிடவும் இல்லை. நாட்டுக்கு ஒரே பெரிய நிலையம் போதும் என்ற கொள்கை அதிகாரிகளிடம் வலுவாக இருந்தது. 2009 மார்ச்சில் தாய் ஏர்வேஸ் தன் உள்நாட்டு விமானங்களைத் திரும்பவும் சுவர்ணபூமிக்கே கொண்டுபோனது. டான் முவாங்கில் நோக் ஏர் போன்ற சிறு நிறுவனங்களே மிஞ்சின. அதற்கு முன் 2008இல் இன்னொரு பாடம். அரசு தலைமையகத்தை மஞ்சள் சட்டைப் போராட்டக்காரர்கள் ஆக்கிரமித்திருந்ததால், பிரதமர் சோம்சாய் தற்காலிக அலுவலகம் வைத்துக்கொண்டது டான் முவாங்கில். நவம்பர் 25 அன்று போராட்டக்காரர்கள் சுவர்ணபூமிக்குள் புகுந்தார்கள், ஓரிரு நாளில் டான் முவாங்கும் முடங்கியது. ஒன்று முடங்கினால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது இரண்டு நிலையங்களை ஆதரிப்பவர்கள் சொல்லும் முதல் வாதம். தேவைப்பட்ட அந்த வாரத்தில் அது பலிக்கவில்லை. சிக்கித் தவித்த வெளிநாட்டவரை ஏற்றி அனுப்பியது பாங்காக்கிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊ தபாவ் தளம். வியட்நாம் போரில் பி-52 குண்டுவீச்சு விமானங்களுக்காக அமெரிக்கர்கள் கட்டிய ஓடுபாதை அது, இன்று தாய்லாந்துக் கடற்படையின் கையில் இருக்கிறது. அங்கேயும் உதவிக்கு வந்தது படைகள் பராமரித்து வைத்திருந்த ஓடுபாதைதான்.

2011இல் வெள்ளம் வந்தது. வடக்கு மாகாணங்களிலிருந்து இறங்கிய தண்ணீர் நகரை நெருங்கியபோது, அரசு தன் வெள்ள நிவாரணக் கட்டளை மையத்தை வைத்தது டான் முவாங்கில். வீடிழந்தவர்களையும் முனையத்திலேயே தங்கவைத்தார்கள். மேடான நிலம் என்றுதானே 1914இல் அங்கே போனார்கள்? அக்டோபர் 25 அன்று தண்ணீர் உள்ளே வந்து நிலையம் மூடப்பட்டது. சில நாட்களில் நிவாரண மையமே வேறிடம் தேடி ஓடவேண்டியதாயிற்று. ஓடுபாதையும் சாலையும் எதுவென்று தெரியாமல் பரந்த தண்ணீரில் விமானங்கள் நிற்கும் படங்கள் உலகெங்கும் போயின. கணக்குப் பார்த்து மூடுவதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. கொள்கை ஏற்கெனவே எதிராக இருந்தது, பயணிகள் குறைவு, சேதம் பெரிது. ஆனால் விமானப்படைக்குத் தன் தளம் வேண்டும், ஓடுபாதையை எப்படியும் சீர்செய்தாக வேண்டும். 2012 மார்ச் 6 அன்று பயணிகள் விமானங்களுக்கும் நிலையம் திறந்தது.

மலிவுக் கட்டண நிறுவனங்கள் கதைக்குள் வரும் இடம் இதுதான். ஆண்டுக்கு 4.5 கோடிப் பேருக்கெனக் கட்டிய சுவர்ணபூமி 2011இலேயே 4.7 கோடியைத் தாண்டிவிட்டது. விரும்பும் நிறுவனங்கள் டான் முவாங்குக்கு மாறலாம் என்று அரசு வழிவிட்டது. தாய் ஏர் ஏசியா 2012 அக்டோபர் 1 அன்று தன் எல்லா விமானங்களையும் அங்கே கொண்டுபோனது. அடுத்த ஆண்டு இறுதியில் தாய் லயன் ஏர் அங்கிருந்தே தொடங்கியது. இத்தகைய நிறுவனத்துக்குப் பளிங்குத் தரையும் கண்ணாடிக் கூரையும் தேவையில்லை. விமானம் வந்து நின்று அரை மணியில் ஆளை இறக்கி ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும், நிறுத்துமிடத்துக்கும் ஓடுபாதைக்கும் தூரம் குறைவாக இருக்க வேண்டும், வாடகை மட்டாக இருக்க வேண்டும். செலவைக் கட்டி முடித்த பழைய கட்டடத்தில் மூன்றும் கிடைத்தன. 2015 இறுதியில் பழைய கட்டடமொன்றைப் புதுப்பித்து உள்நாட்டுப் பயணத்துக்கான 2ஆம் முனையமாகத் திறந்தார்கள், 1ஆம் முனையம் வெளிநாட்டுக்கு என்று ஆனது. மொத்தக் கொள்ளளவு ஆண்டுக்கு 3 கோடி என்று அறிவித்தார்கள், அந்த ஆண்டே கூட்டம் அதைத் தொட்டுவிட்டது. மலிவுக் கட்டண விமானங்களுக்கான நிலையங்களில் உலகிலேயே பெரியது என்ற பெயரும் வந்தது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏர் ஏசியாவில் பாங்காக் போகிறவர்கள் இறங்குவது இங்கேதான். இறங்கியதும் அவர்கள் பார்ப்பது குடியேற்றச் சோதனையின் முன் வளைந்து வளைந்து நீளும் வரிசை, தாழ்ந்த கூரை, எண்பதுகளின் கட்டடத்தில் ஒட்டவைத்த புதிய பெயர்ப்பலகைகள். அழகில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அழகுக்கான செலவு பயணச்சீட்டில் ஏறவில்லை என்பதே அதற்குப் பதில்.

இனி என் வாதத்துக்கு வரக்கூடிய கடினமான மறுப்பு. படைகள் வைத்திருந்ததால்தான் பிழைத்தது என்றால், படைகள் வைத்திருந்தும் திரும்பாத நிலையங்கள் ஏன் இருக்கின்றன? ஹாங்காங்கின் காய் டக்கும் மியூனிக்கின் ரீமும் இந்தக் கணக்கில் வரா. ஒன்று 1998இலும் மற்றது 1992இலும் மூடப்பட்டன, நிலம் வேறு பயனுக்குப் போனது, ஓடுபாதையைக் காக்க அங்கே யாரும் இல்லை. ஆனால் ஹைதராபாதின் பேகம்பேட் இன்றும் விமானப்படைத் தளம். பெங்களூரின் பழைய நிலையத்தில் எச்ஏஎல் நிறுவனமும் ராணுவ விமானங்களும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. 2008இல் புதிய நிலையங்கள் திறந்ததும் இரண்டிலும் வழக்கமான பயணிகள் சேவை நின்றது, நின்றதுதான். காரணம் ஒப்பந்தம். தனியார் பணத்தில் கட்டிய புதிய நிலையத்துக்கு 150 கிலோமீட்டர் சுற்றுவட்டத்துக்குள் போட்டி வரக்கூடாது என்று அரசு எழுதிக்கொடுத்திருக்கிறது. ஓசூரில் விமான நிலையம் அமைக்கத் தமிழ்நாடு முயலும்போது குறுக்கே நிற்பதும் பெங்களூரின் இதே விதிதான். பாங்காக்கில் பழையதையும் புதியதையும் நடத்துவது ஏஓடி ஒன்றே, ஒன்றின் பயணி மற்றொன்றுக்குப் போனாலும் வருமானம் ஒரே பெட்டியில் விழுகிறது.

சிங்கப்பூரின் பாய லேபார் இதைவிடச் சிக்கலான எதிர்ச்சாட்சி. 1981இல் சாங்கி திறந்ததும் அது விமானப்படைக்குப் போனது. ஓடுபாதை உயிரோடு இருக்கிறது, தடுக்கும் ஒப்பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் பயணிகள் விமானம் திரும்பவில்லை. சாங்கி ஒருபோதும் நிரம்பி வழிய விடப்படவில்லை என்பதே விடை. 1990இல் இரண்டாம் முனையம், 2008இல் மூன்றாம் முனையம் என்று கூட்டம் வருவதற்கு முன்பே இடம் கட்டினார்கள். சுவர்ணபூமியில் அதற்கு நேர்மாறு. துணை முனையம் திறந்தது 2023இல், மூன்றாவது ஓடுபாதை 2024இல். ஆகவே என் வாதத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும்: உயிரோடு வைத்திருந்த ஓடுபாதை மட்டும் போதாது, தடுக்கும் ஒப்பந்தம் இல்லாதிருக்க வேண்டும், புதியது நிரம்பி வழியவும் வேண்டும். மூன்றும் சேர்ந்த இடம் பாங்காக். ஆனால் பின்னிரண்டும் 2006க்குப் பின்னரே பொருள் பெற்றவை. முதலாவது மட்டும் 1914 முதல் இருந்தது, அது இல்லாவிட்டால் மற்ற இரண்டுக்கும் வேலையே இருந்திருக்காது.

இரண்டு நிலையங்களால் பயணிக்கு அலைச்சல்தானே என்ற குறை மிச்சம் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து சுவர்ணபூமியில் இறங்கி, மலிவு விமானத்தில் சியாங் மாய் போக விரும்புகிறவர் நகரைச் சுற்றிக்கொண்டு டான் முவாங் போயாக வேண்டும். அடுத்த விமானத்துக்கான சீட்டைக் காட்டினால் இலவசப் பேருந்து உண்டு, ஆனால் நெரிசலில் எவ்வளவு நேரமாகும் என்று யாரும் உறுதி சொல்லமாட்டார்கள். இந்த இழப்பு உண்மையானது. குடியேற்றம், சுங்கம், பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் அரசு இரண்டு முறை வைக்க வேண்டியிருப்பதும் உண்மை. ஆனால் டான் முவாங்கைப் பயன்படுத்துபவர்களில் பெரும்பகுதியினர் விமானம் மாறுபவர்கள் அல்ல, உள்நாட்டிலோ பக்கத்து நாட்டுக்கோ ஒரே தாவலில் போய்வருபவர்கள். அவர்களுக்கு முக்கியம் நகரோடு இருக்கும் தொடர்பு. அதில் பழைய நிலையத்தின் கை ஓங்கியே இருக்கிறது. முனையத்திலிருந்து நடைபாலம் வழியே ரயில் நிலையம் போகலாம், வாசலில் ஏறும் ஏ1 பேருந்து மோ சித் மெட்ரோவில் விடும். 2021இல் பாங் சூ முதல் ரங்சித் வரை ஓடத் தொடங்கிய சிவப்பு ரயில் பாதையும் வாசலைத் தொட்டுக்கொண்டே போகிறது. இரண்டு விமான நிலையங்களையும் ஊ தபாவையும் அதிவேக ரயிலால் இணைக்க 2019 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வருடங்கள் ஓடிவிட்டன, ரயிலைத்தான் காணோம்.

அடுத்த கட்டமாக மூன்றாவது முனையம் கட்டி, கொள்ளளவை ஆண்டுக்கு 5 கோடிக்குக் கொண்டுபோக ஏஓடி திட்டமிட்டிருக்கிறது. முனையத்தைப் பெரிதாக்குவது அதன் கையில் இருக்கிறது, வானத்தைப் பெரிதாக்குவது இல்லை. இரண்டு ஓடுபாதைகளும் மிக நெருக்கமாக இருப்பதால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தனித்தனியே விமானங்களை இறக்க முடியாது. ஒன்றில் இறங்கினால் மற்றொன்று காத்திருக்க வேண்டும். பாதைகளைத் தள்ளி அமைக்க வேண்டுமானால் கிழக்கே போக வேண்டும். கிழக்கே இருப்பது விமானப்படையின் கொட்டகைகளும் தலைமையகமும். அவர்களை அங்கிருந்து கிளப்புவது எளிதல்ல.